கை அவருடையது, உடம்பு உங்களுடையது

(பொதுமக்களுக்கான உடல்நலக் கூட்டமொன்றில் பிசியோதெரபி மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



எதைப் பற்றிப் பேசுவது என்பதை அமைப்பாளர்கள் என் விருப்பத்துக்கே விட்டுவிட்டார்கள். மசாஜ் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் சற்றுத் தயங்கினார்கள். அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது. மசாஜ் என்றாலே நம் ஊரில் ஒரு கூச்சம் இருக்கிறது. சில இடங்களில் நடக்கும் தவறான காரியங்கள் அந்தக் கூச்சத்தை வளர்த்துவிட்டன. இது நமக்கு மட்டும் வந்த நிலை அல்ல. 1890களில் லண்டனிலும் இதே பேச்சு இருந்தது. மசாஜ் என்ற பெயரில் நடந்த முறைகேடுகளைப் பற்றி அங்கே மருத்துவ இதழே எழுதியது. ஒழுங்காகப் படித்து, நோயாளிகளுக்கு நேர்மையாகத் தொண்டு செய்துவந்த செவிலியர்களுக்கு அது பெரிய அவமானமாக இருந்தது. ரோசலிண்ட் பேஜட் உட்பட நான்கு பெண்கள் சேர்ந்து 1894இல் பயிற்சி பெற்று மசாஜ் செய்யும் பெண்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். பயிற்சி வேண்டும், தேர்வு வேண்டும், மருத்துவர் சொல்லாமல் யாருக்கும் மசாஜ் செய்யக் கூடாது என்று விதி வகுத்தார்கள். அந்தச் சங்கம்தான் வளர்ந்து, பெயர் மாறி, இன்று பிரிட்டனின் பிசியோதெரபி மருத்துவர்களுக்கான அமைப்பாக நிற்கிறது. ஆக, நான் செய்யும் தொழிலுக்கு வேரே மசாஜ்தான். அதைப் பற்றிப் பேச எனக்குக் கூச்சம் இல்லை.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். காசு கொடுத்து உடம்பைப் பிடித்துவிடச் சொல்லும் ஒருவர், அந்த ஒரு மணி நேரமும் வாய் மூடிப் படுத்திருந்தால், கிடைக்க வேண்டிய பயனில் பெரும்பங்கு கிடைக்காமலே போகிறது. சில நேரம் ஆபத்தும் சேர்ந்து வருகிறது. எங்கே வலிக்கிறது, எவ்வளவு அழுத்தம் போதும், உடம்பில் வேறென்ன நோய் இருக்கிறது என்பதெல்லாம் படுத்திருப்பவருக்குத்தான் தெரியும். எவ்வளவு தேர்ந்த கையாக இருந்தாலும் இவற்றை முழுதாகத் தானே கண்டுபிடித்துவிட முடியாது.

நம்மவர்கள் பேசுவதில்லை. "எப்படி இருக்கு?" என்று கேட்டால் "பரவாயில்ல" என்பார்கள். பற்களைக் கடித்துக்கொண்டு, படுக்கையின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டு சொல்வார்கள். மரியாதைக்காகச் சிலர், கூச்சத்துக்காகச் சிலர், வலித்தால்தான் வேலை செய்யும் என்று நம்பிச் சிலர். இந்தக் கடைசி நம்பிக்கையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும்.

முதலில், பிடித்துவிடும்போது உடம்புக்குள் என்ன நடக்கிறது? "நரம்பு சுருண்டு கிடக்கு, அதை எடுத்துவிடணும்" என்பார்கள். நரம்பு அப்படிச் சுருளுவதில்லை. தோள்பட்டையில் விரலுக்குத் தட்டுப்படும் அந்த இறுக்கமான இடம் பெரும்பாலும் சதைதான். நாள் முழுக்கத் தையல் இயந்திரத்தின் மேல் குனிந்திருந்தாலும், பேருந்தின் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தாலும், பிடரியில் உள்ள சதைக்கு ஓய்வே இல்லை. ஏதோ ஆபத்து என்று நரம்பு மண்டலம் நினைத்துக்கொள்கிறது. அந்தச் சதையை இறுக்கிப் பிடித்து வைக்கிறது. மசாஜின் பெரிய வேலை இங்கேதான். ஆபத்து இல்லை, விட்டுவிடலாம் என்ற செய்தியை அது தோல் வழியாக மூளைக்கு அனுப்புகிறது. நம் தோலில், முக்கியமாக ரோமம் உள்ள பகுதிகளில், மெதுவான வருடலுக்கென்றே ஒருவகை நுண்ணிய நரம்பிழைகள் இருக்கின்றன. சுவீடனில் உள்ள கோத்தன்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இவற்றை நெடுங்காலம் ஆராய்ந்தார்கள். விநாடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில், வெதுவெதுப்பான கையால் நீவும்போதுதான் அவை நன்றாக விழித்துக்கொள்கின்றன. அழும் குழந்தையின் முதுகைத் தாய் தடவும் வேகமும் ஏறக்குறைய அதுதான். அவசரக் கையால் பரபரவென்று தேய்க்கும்போது இந்தப் பயன் கிடைப்பதில்லை. உங்களைத் தொடுபவர் அவசரப்பட்டால், "கொஞ்சம் நிதானமாச் செய்யுங்க" என்று கேட்பது உங்கள் உரிமை.

சதையில் தேங்கிய லாக்டிக் அமிலத்தை மசாஜ் பிழிந்து வெளியேற்றுகிறது என்பது இன்னொரு பேச்சு. உடற்பயிற்சிக் கூடங்களில் இதைத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். ஓடி முடித்த ஒரு மணி நேரத்துக்குள் அந்த லாக்டேட்டை உடம்பு தானாகவே எரிபொருளாகச் செலவழித்துவிடும். அதற்கு யார் கையும் தேவையில்லை. மறுநாள் எழுந்தால் தொடை வலிப்பது அதனால் அல்ல. பழக்கமில்லாத வேலையால் தசையிழைகளில் ஏற்பட்ட மிகச் சிறிய சிதைவும், அதைச் சீராக்க உடம்பு கிளப்பும் அழற்சியும்தான் அந்த வலி. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் நடந்து 2012இல் வெளியான ஆய்வில் 11 இளைஞர்களைக் களைத்துப்போகும் வரை சைக்கிள் மிதிக்க வைத்து, ஒரு காலை மட்டும் பத்து நிமிடம் மசாஜ் செய்தார்கள். இரண்டு கால்களிலிருந்தும் துளிச் சதை எடுத்துப் பார்த்தபோது லாக்டேட் அளவில் வேறுபாடு இல்லை. மசாஜ் செய்த காலில் அழற்சியைத் தூண்டும் சமிக்ஞைகள் குறைந்திருந்தன. சிறிய ஆய்வுதான், ஆனால் பயன் இருக்கிறது, அது நாம் நினைத்துக்கொண்டிருந்த வழியில் வரவில்லை என்று காட்டியது. அதேபோல, மசாஜ் முடிந்ததும் லிட்டர் லிட்டராகத் தண்ணீர் குடித்தால் நச்சு வெளியேறும் என்பார்கள். கழிவை வெளியேற்றக் கல்லீரலும் சிறுநீரகமும் இருக்கின்றன. தாகம் எடுத்தால் குடியுங்கள், அது போதும்.

இப்போது, வலித்தால்தான் வேலை செய்யும் என்ற அந்த நம்பிக்கைக்கு வருகிறேன். "நல்லா அமுக்குங்க சார், வலிச்சாத்தான் சரியாகும்." இதைக் கேட்காத நாளே எனக்கு இல்லை. வலி ஒரு எல்லையைத் தாண்டினால் என்ன நடக்கிறது தெரியுமா? நீங்கள் மூச்சைப் பிடித்துக்கொள்கிறீர்கள். கால் விரல்கள் மடங்குகின்றன. கை முட்டி இறுகுகிறது. எந்தச் சதையைத் தளர்த்த வந்தோமோ அதே சதை, தன்னைக் காத்துக்கொள்ள இன்னும் இறுகுகிறது. எதிர்த்து நிற்கும் சதையோடு கை மல்லுக்கட்டுகிறது. மறுநாள் உடம்பெல்லாம் அடித்துப் போட்டாற்போல வலிக்கும். "நேத்து நல்ல வேலை செஞ்சிருக்கார்" என்று நாமே நற்சான்றும் கொடுத்துவிடுவோம். மிகக் கடுமையாக அமுக்கியதில் தசைகள் சிதைந்து மருத்துவமனையில் சேர்ந்தவர்களைப் பற்றி மருத்துவ ஏடுகளில் பதிவுகள் உண்டு. அரிதாக நடப்பதுதான். ஆனால் நடக்கிறது.

கடும் அழுத்தம் இல்லாமல் பயன் கிடைக்குமா என்று கேட்பீர்கள். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் நாட்பட்ட இடுப்பு வலி உள்ள 401 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள், 2011இல் வெளியானது. ஒரு குழுவினருக்குக் குறிப்பிட்ட தசைகளையும் மூட்டுகளையும் தேடிப் பிடித்துச் சிகிச்சை தரும் மசாஜ். இன்னொரு குழுவினருக்கு உடம்பைத் தளர வைக்கும் சாதாரண மசாஜ். மூன்றாவது குழுவினருக்கு வழக்கமான மருத்துவம் மட்டும். வாரம் ஒரு முறை, ஒரு மணி நேரம், மொத்தம் பத்து முறை. பத்து வாரம் கழித்து, மசாஜ் பெற்ற இரண்டு குழுக்களும் மூன்றாவது குழுவைவிட நன்றாக இருந்தன. முக்கியமான செய்தி, அந்த இரண்டு குழுக்களுக்கும் இடையே சொல்லும்படியான வேறுபாடு இல்லை. தேடித் தேடி அமுக்கியதும், இதமாக நீவியதும் ஒரே அளவுக்கு உதவின. 2017இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி வெளியிட்ட இடுப்பு வலி வழிகாட்டியும், புதிதாக வந்த வலிக்கு மாத்திரைக்கு முன்பே முயன்று பார்க்கத்தக்கவற்றில் வெந்நீர் ஒத்தடத்தோடு மசாஜையும் சேர்த்திருக்கிறது.

ஆகவே அழுத்தத்துக்கு ஓர் அளவுகோல் வைத்துக்கொள்ளுங்கள். வலியே இல்லாதது பூஜ்யம், தாங்கவே முடியாதது பத்து. ஐந்து அல்லது ஆறைத் தாண்ட விடாதீர்கள். "வலிக்குது, ஆனா சுகமா இருக்கு" என்று சொல்ல முடிகிற இடம் அது. அங்கே மூச்சு இயல்பாக ஓடும். மூச்சு நின்றால் உடனே சொல்லுங்கள். "அண்ணே, கொஞ்சம் குறைங்க", "இந்த இடம் போதும்மா, அந்தப் பக்கம் பாருங்க" என்றால் எந்த நல்ல தொழில்காரரும் கோபிக்க மாட்டார். கோபித்தால் அடுத்த முறை வேறு ஆளைப் பாருங்கள்.

படுப்பதற்கு முன்பு சொல்ல வேண்டியவை இதைவிட முக்கியம். சர்க்கரை நோய் நெடுநாளாக இருந்தால் சிலருக்குப் பாதத்தில் உணர்வு மங்கியிருக்கும். சூடான எண்ணெய் சுடுவதும் தெரியாது, அழுத்தம் அதிகமாவதும் தெரியாது. அப்படிப்பட்டவர் "பரவாயில்ல" என்று சொன்னால் அந்தப் பதிலுக்கே பொருள் இல்லை. எனவே சர்க்கரை இருக்கிறது, கால் மரத்திருக்கிறது என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இதய நோய்க்காகவோ வேறெதற்காகவோ இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு, இலேசாக அமுக்கினாலே உள்ளே இரத்தம் கன்றிப்போகலாம். எலும்பு மெலிந்த வயதானவர்களின் விலாவிலும் முதுகெலும்பிலும் கனமான கை படக் கூடாது. இரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுப்பவர்கள் சட்டென்று எழுந்தால் தலை சுற்றி விழ வாய்ப்பு உண்டு. கர்ப்பம், சமீபத்திய அறுவைச் சிகிச்சை, புற்றுநோய் சிகிச்சை, தோலில் புண், எள் போன்றவற்றுக்கு ஒவ்வாமை, காய்ச்சல் எதுவானாலும் மறைக்காதீர்கள். கேட்கும் வரை காத்திருக்கவும் வேண்டாம். எதையுமே கேட்காமல் "படுங்க" என்று எண்ணெயைக் கையில் எடுப்பவரிடம் படுக்காமல் திரும்பி வருவதே நல்லது.

இரண்டு விஷயங்களை நான் எந்தக் கூட்டத்திலும் விடுவதில்லை. முதலாவது கால். சிலர் நெடுந்தூரப் பேருந்தில் இரவு முழுக்க உட்கார்ந்து வருகிறார்கள், அல்லது அறுவைச் சிகிச்சை முடிந்து பல நாள் படுக்கையில் இருக்கிறார்கள். ஒரு கால் மட்டும் கெண்டைச் சதையில் வீங்குகிறது, சூடாக இருக்கிறது, வலிக்கிறது. வீட்டில் உடனே என்ன செய்கிறோம்? எண்ணெயைக் காய்ச்சி உருவிவிடுகிறோம். பாசத்தில் செய்வதுதான். ஆனால் அந்த வீக்கம் ஆழ்ந்த இரத்தக் குழாயில் உறைந்த இரத்தக் கட்டியாக இருக்கலாம். உருவும்போது அது பிய்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. ஒரு கால் மட்டும் வீங்கினால் யாரும் பிடித்துவிட வேண்டாம். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

அடுத்தது கழுத்து. முடி வெட்டிய பிறகு தலையை அழுத்தி, தாடையைப் பிடித்து, இந்தப் பக்கம் ஒரு வெட்டு, அந்தப் பக்கம் ஒரு வெட்டு என்று சொடக்கு எடுக்கிற பழக்கம் நம் கடைகளில் உண்டு. கழுத்தெலும்புகளின் துளைகள் வழியாகத்தான் மூளையின் பின்பகுதிக்கு இரத்தம் போகிறது. திடீரென்று முறுக்கினால் அந்தக் குழாயின் உட்சுவர் கிழிந்து, பக்கவாதம் வரை போகலாம். முடி அலசும் தொட்டியில் கழுத்தைப் பின்னால் நெடுநேரம் மடக்கி வைத்ததால் பக்கவாதம் வந்த ஐந்து பேரைப் பற்றி 1993இலேயே அமெரிக்க மருத்துவ இதழொன்றில் கட்டுரை வந்தது. 2017இல் டெல்லிப் பக்கம், இப்படிச் சொடக்கு எடுத்ததில் மூச்சுக்கான நரம்பு பழுதாகி ஒருவர் மருத்துவமனையில் சேர்ந்த செய்தி நாளிதழ்களில் வந்தது. தலையை நன்றாகத் தேய்க்கச் சொல்லுங்கள், நெற்றிப்பொட்டை நீவச் சொல்லுங்கள். எவ்வளவு இதமான சுகம் அது! கழுத்தை மட்டும் முறுக்க விடாதீர்கள். "சொடக்கு வேணாம்ணே" என்று துண்டைப் போர்த்தும்போதே சொல்லிவிடுங்கள்.

பெண்களிடம் தனியாகச் சில வார்த்தை. பெண் சிகிச்சையாளர்தான் வேண்டும் என்று கேட்கத் தயங்காதீர்கள். மேல்துணி எதை எடுப்பது, எடுக்காமலிருப்பது என்பது உங்கள் முடிவு. சேலை கட்டியபடியே தோளுக்கும் பிடரிக்கும் நல்ல சிகிச்சை தர முடியும்; நான் தருகிறேன். முறையாகச் செய்பவர் எந்தப் பகுதியில் வேலையோ அந்தப் பகுதியை மட்டும் விலக்கி, மற்ற இடமெல்லாம் போர்வையால் மூடியிருப்பார். எங்கே தொடப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் தொடுவார். மனசுக்குச் சரியில்லை என்று பட்டால், காரணம் சொல்லக்கூடத் தேவையில்லை, எழுந்து வந்துவிடலாம். மனம் ஒடுங்கியிருக்கும்போது உடம்பு தளராது. எனவே கண்ணியமும் சிகிச்சையின் ஒரு பகுதிதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

யாரிடம் போவது? நம் சித்த மருத்துவத்தில் தொக்கணம் என்று மசாஜுக்கென்றே ஒரு தனி முறை இருக்கிறது. 32 வகைப் புற மருத்துவங்களில் அது ஒன்று. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று ஒன்பது விதமாகக் கையை வைக்கச் சொல்கிறார்கள். நோய்க்குத் தகுந்தபடி எண்ணெய் இட்டும் செய்வார்கள், இடாமலும் செய்வார்கள். நம் முன்னோர் ஒரே அமுக்கலை எல்லோருக்கும் பொதுவாக வைக்கவில்லை என்பதை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது. தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில் இந்தச் சிகிச்சை கிடைக்கிறது. பி.எஸ்.எம்.எஸ். படித்த சித்த மருத்துவர்கள், பி.பி.டி. படித்த பிசியோதெரபி மருத்துவர்கள், பி.என்.ஒய்.எஸ். படித்த இயற்கை மருத்துவர்கள் என்று படித்தவர்கள் நம்மிடையே நிறைய இருக்கிறார்கள். பரம்பரையாகச் சுளுக்கு வழிக்கும் கைகளை நான் குறைத்துப் பேச மாட்டேன். அவர்களில் மிகத் தேர்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். விழுந்து அடிபட்ட இடமாக இருந்தால் மட்டும், எலும்பு முறியவில்லை என்று எக்ஸ்ரேயில் உறுதி செய்துகொண்ட பிறகு அவர்களிடம் போங்கள்.

எத்தனை முறை, எவ்வளவு நேரம் என்பதில்தான் பலர் பணத்தை வீணாக்குகிறார்கள். நாட்பட்ட கழுத்து வலி உள்ள 228 பேரிடம் நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. அரை மணி நேர மசாஜ், வாரத்துக்கு இரண்டு மூன்று முறை செய்தும்கூடப் பெரிதாக உதவவில்லை. ஒரு மணி நேர மசாஜை வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று முறை, நான்கு வாரம் பெற்றவர்களுக்கு நல்ல பலன் தெரிந்தது. தீபாவளிக்கு ஒரு முறை, பொங்கலுக்கு ஒரு முறை என்று போய்விட்டு, வலி போகவில்லையே என்று வருந்துவதில் பொருள் இல்லை. கையில் இருக்கும் பணம் நான்கு முறைக்குத்தான் வரும் என்றால், அதை வருடம் முழுக்கப் பரப்பாமல் வலி இருக்கும் மாதத்திலேயே அடுத்தடுத்துச் செலவழியுங்கள். உடம்பு முழுக்கத் தடவச் சொல்வதைவிட, "இன்னைக்குப் பிடரியும் தோளும் மட்டும் பாருங்க" என்று கேட்டு வாங்குவது நல்லது.

அன்றைய நாளை எப்படி வைத்துக்கொள்வது? வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போகாதீர்கள். ஒன்றிரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். வெறும் வயிறும் வேண்டாம். மது அருந்திவிட்டுப் போகவே கூடாது. கால் மணி நேரம் முன்பாகப் போய்ச் சேருங்கள். வண்டியை நிறுத்த இடம் தேடி ஓடி வந்து படுத்தால், முதல் இருபது நிமிடம் அந்தப் பதற்றம் அடங்குவதற்கே போய்விடும். கைப்பேசியை அணைத்துவிடுங்கள். மேசையில் அது அதிரும்போதெல்லாம் உங்கள் தோள் இறுகுவது என் விரலுக்குத் தெரிகிறது. முடிந்ததும் ஒருக்களித்து எழுந்து, ஒரு நிமிடம் உட்கார்ந்து, பிறகு நில்லுங்கள். உள்ளங்காலில் எண்ணெய் இருந்தால் துடைத்துவிட்டுத்தான் தரையில் கால் வைக்க வேண்டும். வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்ட முதியவர்கள் உண்டு. தூக்கம் சொக்கினால் இருசக்கர வண்டியை எடுக்காதீர்கள்.

அடுத்த இரண்டு நாள்தான் பலர் கவனிக்காத நேரம். மசாஜ் தரும் தளர்ச்சி சில மணி நேரமோ சில நாளோ நிற்கும். அந்த நேரத்தில் கழுத்தைத் திருப்புவது எளிது, தோளைச் சுழற்றுவது எளிது. சிகிச்சையாளர் சொல்லிக்கொடுக்கும் பயிற்சிகளை அப்போதே தொடங்குங்கள். தையற்காரரானால் நாற்காலியின் உயரத்தை மாற்றுங்கள். ஓட்டுநரானால் இருக்கையை முன்னால் நகர்த்துங்கள். ஆசிரியரானால் விடைத்தாள் திருத்தும்போது மேசையை உயர்த்துங்கள். காலையில் பிடித்துவிட்டு மாலையில் அதே கோணலில் எட்டு மணி நேரம் குனிந்தால், அந்தச் சதை என்ன செய்யும்?

மசாஜ் முடிந்த மறுநாள் இலேசான வலி இருப்பது இயல்பு. இரண்டு நாளுக்கு மேல் நீடித்தால், அழுத்தம் அதிகம் என்று அடுத்த முறை சொல்லுங்கள். மூன்று நான்கு முறை ஒழுங்காகச் செய்தும் துளி மாற்றம்கூட இல்லையென்றால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். சில வலிகளில் மசாஜுக்கு வேலையே இல்லை. இரவில் படுத்தாலும் குறையாத முதுகு வலி, காரணமில்லாமல் எடை குறைவது, வலியோடு காய்ச்சல், கையிலோ காலிலோ பலம் குறைவது, தொடையிடுக்கில் மரத்துப்போவது, சிறுநீரையோ மலத்தையோ அடக்க முடியாமல் போவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் எண்ணெயையும் கையையும் ஒதுக்கி வைத்துவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். கடைசியாகச் சொன்ன இரண்டில் எது வந்தாலும், விடியட்டும் என்றுகூடக் காத்திருக்கக் கூடாது. முதுகுத்தண்டின் அடிப்பகுதி நரம்புகள் நசுங்கியிருக்கலாம். தாமதமானால் அந்த உணர்வு திரும்பாமலே போகக்கூடும்.

கேள்விகளுக்கு நேரம் வைத்திருக்கிறேன். மருந்துச் சீட்டோடு வந்திருப்பவர்கள் அதைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு எந்த மசாஜ் ஆகும், எது ஆகாது என்று சீட்டைப் பார்த்தே சொல்கிறேன்.